துலக்கிய காசுகள்

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒன்றாகப் படித்த தோழி ஒருவர் ரொறன்ரோவில் வாழ்கிறார். அவருடைய தந்தையார் கடந்த ஆண்டு காலமானார். அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் ஒரு சிறிய துணிப்பை நிறையப் பழைய நாணயங்களும் இருந்தனவாம். சென்ற மாதம் அவற்றின் படங்களைக் கைத்தொலைபேசியில் எனக்கு அனுப்பிவைத்தார். படங்களின் கீழே இப்படி எழுதியிருந்தார்: "அப்பாவின் காசுகள். எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன. இரண்டு நாள் இருந்து ஒவ்வொன்றாகத் துலக்கினேன். இப்போது புதுக்காசு போல இருக்கின்றன. நீங்கள் இவற்றைப் பற்றி அறிந்தவர் அல்லவா? என்ன விலை பெறும்?"

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விக்ரோரியா மகாராணியின் தலை பொறித்த செப்புச் சதங்கள், ஒல்லாந்தர் காலத்துத் துட்டுகள் சில, இரண்டு மூன்று வெள்ளிக் காசுகள். எல்லாம் பளபளத்தன. செப்புக் காசுகள் செம்மை நிறத்தில் அல்ல, இளஞ்சிவப்பு நிறத்தில் மின்னின. அந்த நிறத்தைக் கண்டதும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆயினும் இரண்டு நாள்கள் பதில் எழுத மனம் வரவில்லை. தந்தையின் மீதுள்ள பாசத்தினால் ஒரு பெண் இரண்டு நாள் குனிந்திருந்து செய்த வேலையை, "நீங்கள் செய்தது அழிவு" என்று எப்படி எழுதுவது?

நான் நாணயவியல் அறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் குப்பை கொட்டியவன். ஆனால் துலக்கிய காசு எப்படியிருக்கும் என்பதை நான் நன்றாக அறிவேன். அதைக் கற்றதற்கு நான் கொடுத்த விலை என்னவென்பதை இந்தக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

செம்பில் படியும் பச்சையையும் கருமையையும் நாங்கள் களிம்பு என்கிறோம். செம்பிற் களிம்பு என்பது சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் பழைய உவமை. உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கு அது; நீக்கப்பட வேண்டியது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைகளிலும் பொங்கலுக்கு முன்பும் குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவது குடும்ப ஒழுக்கத்தின் ஒரு பகுதி. துலக்காத விளக்கு இருக்கிற வீட்டைப் பற்றி அயலவர் என்ன நினைப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே கறுத்த காசைக் கண்டால் எமது கை தானாகவே பழப்புளியைத் தேடுகிறது. ஆனால் நாணயம் சேர்ப்பவர்களின் உலகத்தில் இந்த நியதி தலைகீழானது. அங்கே களிம்புதான் காசின் தோல். அதை உரித்தால் அடியில் வேறொரு தோல் இல்லை.

காசு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். வெற்று உலோகத் தகட்டை இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துப் பெரும் விசையோடு அழுத்தும்போது உலோகம் ஒரு கணம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை ஆரைகளாக மேற்பரப்பில் பதித்துவிடுகிறது. புழக்கத்துக்கு வராத காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் வண்டிச் சில்லின் ஆரைகளைப் போல ஒளி சுழல்வது இதனால்தான். அச்சாலையிலிருந்து ஒரு காசு கொண்டுவருவது இந்த ஒளியைத்தான். எந்தப் பொடியாலும், எந்தத் திரவத்தாலும் அதை மறுபடியும் உண்டாக்க இயலாது. தேய்த்து மினுக்கும்போது முதலில் அழிவது அந்தக் கோடுகள். பிறகு மிஞ்சுவது கண்ணாடிப் பளபளப்பு அல்லது உயிரற்ற வெண்மை. இரண்டும் அந்தக் காசுக்குச் சொந்தமானவை அல்ல.

இப்போது எனது கதைக்கு வருகிறேன்.

எனது தந்தையார் தபாற் கந்தோரில் பணியாற்றியவர். பணம் எண்ணுகிற மேசையில் பழைய காசு ஏதாவது வந்து விழுந்தால், தன் சட்டைப் பையிலிருந்து அதற்குச் சமமான காசை இட்டுவிட்டுப் பழையதை எடுத்துக்கொள்வார். இப்படிப் பல ஊர்களில், பல ஆண்டுகளில் சேர்த்தவற்றை ஒரு பால்மாப் பேணியில் வைத்திருந்தார். 1870 என்று ஆண்டு பொறித்த பெரிய, கனமான ஐந்து சதக் காசுகள் அதில் இருந்தன. ஒரு பக்கம் மகாராணியின் தலை, மறுபக்கம் மரம். இலங்கையில் 1872 இல் ரூபா சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோது புழக்கத்துக்கு விடப்பட்டவை அவை. ஒரு சதம், அரைச் சதம், கால் சதம் என்று சின்னஞ்சிறு காசுகளும் இருந்தன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை எழுத்துகள் பின்னிய செப்புக் காசுகள் ஏழெட்டு. எங்கள் வாயில் இன்றும் வழங்கும் துட்டு என்ற சொல் இந்தக் காசின் ஒல்லாந்தப் பெயரிலிருந்து வந்தது என்பர். இவை எல்லாவற்றிலும் மேலாக இரண்டு சேதுக் காசுகள். படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே சேது என்ற தமிழ் எழுத்துகளும் கொண்டவை. தோட்டம் கொத்தும்போது கிடைத்தவை என்று பாட்டனார் கொடுத்தாராம்.

சேதுக் காசு எமக்கு வெறும் காசு அல்ல. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920 இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில், இவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என்று எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாண அரசின் அரண்மனை இன்று இல்லை. அதன் ஏடுகளும் பெரும்பாலும் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடியதாக எஞ்சியிருப்பது இந்தச் செப்புத் துண்டுகள்தாம். இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது.

1980 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் அக்காவும் கிணற்றடியில் விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஐயாவை மகிழ்விக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பேணியைத் தூக்கிக்கொண்டு போய் நானும் பக்கத்தில் குந்தினேன். பழப்புளியில் ஊறவைத்தேன். சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்தேன். பாரச் சாரணர் இடுப்புப்பட்டி மினுக்குவதற்கு வைத்திருந்த பித்தளைத் திரவத்தையும் பிறகு பூசினேன். மாலையில் ஐயா வந்தபோது திண்ணையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வெயிலில் அவை தங்கம் போல மின்னின.

ஐயா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒரு சேதுக் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "நல்லாய் மினுக்கிப் போட்டாய், தம்பி" என்று மட்டும் சொன்னார். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சில நாள்களின் பின்னர் அவர் சிறிய மண்ணிறக் கடித உறைகளை வாங்கி வந்தார். இரவில் விளக்கடியிலிருந்து ஒவ்வொரு காசையும் ஒவ்வோர் உறையிலிட்டு, உறையின்மேல் பென்சிலால் எழுதினார். எந்த ஊரில், எந்த ஆண்டில் கிடைத்தது என்பது முதல் வரி. இரண்டாவது வரி எல்லா உறைகளிலும் ஒன்றே: "துலக்கப்பட்டது. தை 1980." ஏன் அப்படி எழுதுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அந்தப் பேணியும் ஐயாவின் சைக்கிளில் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த ஆண்டு திரும்பியும் வந்தது. 1999 இல் அவர் காலமானார். பேணி கொழும்புக்கு, என்னிடம் வந்தது.

அதன் பெறுமதியை அறிவதற்காக, 2000 ஆம் ஆண்டில், புறக்கோட்டையில் ஓர் ஒடுங்கிய மாடியில் பழைய காசும் முத்திரையும் விற்றுக்கொண்டிருந்த ஒரு முஸ்லிம் பெரியவரிடம் போனேன். எல்லோரும் அவரை ஹாஜியார் என்றே அழைத்தார்கள். அவர் முதலில் காசைப் பார்க்கவில்லை. உறையை வாசித்தார். தமிழ் எழுத்தை வாசித்துவிட்டு, "இதை எழுதினது ஆர் தம்பி?" என்று கேட்டார். "என்ர தகப்பனார்" என்றேன். "நல்ல மனிசன். இப்பிடி எழுதி வைச்ச ஆளை நான் காணேல்ல" என்றார். பிறகுதான் காசை எடுத்தார். அன்றைக்கும் அதற்குப் பின் வந்த பல சனிக்கிழமைகளிலும் அவரிடம் கற்றவைதாம் கீழே வருபவை.

முதலாவது பாடம், வெளிச்சம். குழல் விளக்கின் கீழ் எல்லாக் காசும் நல்ல காசுதான். மேசையில் ஒற்றைக் குமிழ் விளக்கை வைத்து, காசை விளிம்பிலே பிடித்து, மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். தேய்த்த காசானால், வெறுமையான தளப்பகுதியில் தலைமயிர் போன்ற கீறல்கள் கூட்டமாக ஒரே திசையில் ஓடுவது அப்போது பளிச்சென்று தெரியும். சட்டைப் பையிலும் கல்லாப்பெட்டியிலும் பட்ட கீறல்கள் அப்படி ஓடுவதில்லை. ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும், ஆழமும் வேறுபடும். துணியால் தேய்த்த கைக்கு ஒரு திசை உண்டு. காலத்துக்குத் திசை இல்லை.

இரண்டாவது பாடம், நிறம். பழஞ்செம்பு மண்ணிறமாகவோ, காப்பிக்கொட்டை நிறமாகவோ, ஒலிவ் பச்சையாகவோ இருக்கலாம். அச்சிட்டபோதிருந்த செம்மை எழுத்துகளின் இடுக்குகளில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் நூறாண்டு கடந்த, தேய்ந்த காசொன்று முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்க வழியில்லை. அது அமிலம் தின்ற நிறம். பழப்புளியும் தேசிக்காயும் வினாகிரியும் செய்வது இதைத்தான். மேலே படிந்த ஒக்சைட்டைக் கரைத்துப் பச்சை உலோகத்தை வெளியே விடுகின்றன. அந்தப் பச்சை உலோகம் எமது ஈரக்காற்றில் ஒழுங்காகக் கறுப்பதும் இல்லை. சில மாதங்களில் திட்டுத் திட்டாக மங்கிப்போகும்.

மூன்றாவது பாடம், தேய்வும் பளபளப்பும் ஒத்துப்போகின்றனவா என்பது. புழக்கத்தில் முதலில் தேய்வது மேடான இடங்கள். மகாராணியின் கன்னமும் காதுக்கு மேலுள்ள கூந்தலும். அங்கே கூந்தல் இழைகள் மறைந்துபோன காசு, தளத்தில் மட்டும் புதுக்காசு போல மின்னினால் அது பொய். கிழவனுக்குக் குழந்தையின் தோல் வாய்ப்பதில்லை. அதேபோல, தளம் பளபளக்க, எழுத்துகளின் ஓரத்திலும் ஆண்டின் இலக்கங்களுக்குள்ளும் மட்டும் கறுப்பு அழுக்கு அடைந்திருந்தால், துணி எட்டாத இடம் அது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பித்தளைத் திரவம் பூசியதென்றால் அந்த இடுக்குகளில் வெண்பொடி உறைந்திருக்கும். என் காசுகளில் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அது இருந்தது. ஹாஜியார் கண்ணில் வில்லையை இடுக்கிக்கொண்டு அதைக் காட்டியபோது நான் தலை குனிந்தேன்.

வெள்ளிக் காசுக்கு வேறு கதை. வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தினால். அந்தப் படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது ஒளி பட்டு மஞ்சளாகவும், பிறகு செம்மை கலந்த ஊதாவாகவும், பிறகு நீலமாகவும் தோன்றும். படலம் தடிக்கத் தடிக்க இந்த ஒழுங்கில்தான் நிறங்கள் வரும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மெல்ல மெல்ல மாறும். கந்தகப் புகையும் சூடும் காட்டி அவசரமாக நிறமேற்றிய காசில் இந்த ஒழுங்கு குலைந்திருக்கும். மஞ்சளுக்குப் பக்கத்தில் திடீரென்று நீலம் நிற்கும். இன்னொன்றையும் பார்க்கலாம். கீறலின் அடிக்குள்ளும் அதே நிறம் ஒரே சீராகப் போயிருந்தால், முதலில் கீறல், பிறகு நிறம். துலக்கிய தடயத்தை மறைப்பதற்கு மேலே பூசப்பட்ட நிறமாக அது இருக்கக்கூடும்.

துலக்கியது அறியாமை, மாற்றியது வஞ்சகம். ஹாஜியார் இரண்டையும் வேறுபடுத்தியே பேசுவார். எமது பக்கத்தில் காசைத் துளையிட்டுப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவதும், காசுமாலை கோப்பதும் வழக்கம். அந்தத் துளையைப் பிற்காலத்தில் உலோகம் வைத்து அடைத்து, மேலே கோடு கீறிச் சரிப்படுத்தி விற்பவர்கள் உண்டு. அடைத்த இடத்தில் நிறம் சற்றே வேறாக இருக்கும். வில்லையில் வட்டமான மெல்லிய எல்லை தெரியும். வளையம் பற்றவைத்துக் கழற்றிய காசானால் விளிம்பில் பற்றாசின் எச்சமோ, அராவிய தட்டையோ இருக்கும். காசின் முகத்தைப் பார்க்கிறவர்கள் விளிம்பைப் பார்ப்பதில்லை. ஆகையால் கள்ளம் அங்கேதான் தங்கும் என்பார். வார்த்துச் செய்த போலிகளின் பொருத்துக் கோடும் விளிம்பில்தான் அகப்படும். மேற்பரப்பில் ஊசி குத்தியது போன்ற நுண்குழிகளும் இருந்தால் ஐயமே வேண்டாம்.

சேதுக் காசில் நடப்பது இன்னும் நுட்பமானது. நந்தியின் திமிலும் கொம்பும் தேய்ந்துபோயிருக்கும். ஆனால் கீழே சேது என்ற எழுத்துகள் மட்டும் நேற்று அச்சிட்டது போல நிற்கும். எழுத்துத் தெளிவாக இருந்தால் விலை கூடும் அல்லவா? அதற்காகக் கூரிய ஊசியால் எழுத்துகளைச் சுற்றியுள்ள தளத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எழுத்து உயர்ந்தது போலத் தோன்றும். உண்மையில் சுற்றுப்புறம் தாழ்ந்திருக்கிறது. காசைச் சாய்த்துப் பார்த்தால் அந்தப் பள்ளம் தெரியும். அங்கே களிம்பும் வேறாக இருக்கும்.

இது எமது ஊரின் குற்றம் மட்டுமன்று. அமெரிக்காவில் 1943 ஆம் ஆண்டு, போர்க்காலச் செப்புத் தட்டுப்பாட்டினால் ஒரு சதக் காசை நாகம் பூசிய உருக்கில் அடித்தார்கள். தவறுதலாகச் செம்புக் கலவைத் தகட்டில் சில அடிபட்டுவிட்டன. அந்தச் சில காசுகளுக்குப் பெரும் விலை. ஆகவே உருக்குக் காசுக்குச் செப்புமுலாம் பூசியும், 1948 ஆம் ஆண்டுக் காசிலுள்ள கடைசி எட்டின் ஒரு பக்கத்தைச் சீவி மூன்றாக்கியும் ஏமாற்றத் தொடங்கினார்கள். முதலாவதைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டாவதை அந்த மூன்றின் வடிவம் காட்டிக்கொடுக்கும். அந்த நாட்டில் 1986 இலும் 1987 இலும் பீ.சீ.ஜீ.எஸ்., என்.ஜீ.சீ. என்ற இரண்டு நிறுவனங்கள் தோன்றின. கட்டணம் பெற்றுக் காசை ஆராய்ந்து, 1 முதல் 70 வரையிலான தர எண்ணை இட்டு, பிளாஸ்திக்குப் பேழையில் முத்திரையிட்டுக் கொடுப்பது அவற்றின் தொழில். கடுமையாகத் துலக்கிய காசு அங்கே போனால் மெய்யான காசுதான் என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் தர எண் கிடைக்காது. துலக்கப்பட்டது என்ற குறிப்பே கிடைக்கும். அந்த நிறுவனங்கள் பெயர் தெரியாத ஊரில், பென்சிலும் கடித உறையும் கொண்டு எனது ஐயா 1980 இல் செய்ததும் இதைத்தான்.

அப்படியானால் காசைக் கழுவவே கூடாதா என்று வாசகர்கள் கேட்கலாம். மண்ணிலிருந்து எடுத்த காசை மண்ணோடு வைத்து வாசிக்க முடியாது என்பது உண்மை. நூதனசாலைகளில் நுணுக்குக்காட்டியின் கீழ் நாள்கணக்காக இருந்து மண்ணை நீக்குகிறார்கள். அது துலக்குதல் அன்று. களிம்பைக் காப்பாற்றிக்கொண்டு அழுக்கை மட்டும் எடுத்தல். செப்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகக் கிளம்பி, துடைத்த பின்னும் மீண்டும் வந்தால் அது நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கின்றன. அதற்கு அறிந்தவரின் சிகிச்சை வேண்டும். மென்மையான பிளாஸ்திக்கு உறைகளில் நீண்டகாலம் கிடந்த காசில் பிசுபிசுத்த பச்சைப் பசை படிவதுண்டு. அதைச் சுத்தமான அசற்றோனில் தோய்த்து எடுக்கலாம். ஆனால் தேய்க்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, தேவையானால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுத்து, நன்றாக உலரவிடுங்கள் என்பதுதான். பற்பசையும் சாம்பலும் அழிறப்பரும் வேண்டாம்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இலங்கையின் 1940 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என்கிறது. சேதுக் காசும் பழைய ஒல்லாந்தத் துட்டும் அதற்குள் அடங்கும். அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். பெறுமதி தெரியாமல் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறுபவர்கள் இதை மனத்திற்கொள்ள வேண்டும்.

ஹாஜியார் என்னுடைய காசுகளுக்குச் சொன்ன விலை சொற்பமே. நான்கு ஐந்து சதக் காசுகள் முன்னர் இருந்த நிலையில் இருந்திருந்தால் பல மடங்கு பெற்றிருக்கும் என்றார். நான் எதையும் விற்காமல் திரும்பி வந்தேன்.

2001 ஆம் ஆண்டில் அக்காவுக்குச் சத்திரசிகிச்சை ஒன்று தேவைப்பட்டது. கொழும்புக்கு அழைத்துவந்து விடுதியில் தங்கவைத்து வைத்தியம் பார்க்கப் பத்திரிகைச் சம்பளம் போதவில்லை. அப்போதுதான் இந்தத் தொழிலில் இருந்த வேறொருவர் எனக்கு ஒரு வழி சொன்னார். "ஒரு கிழமைக்கு என்னட்டைத் தாங்கோ அண்ணை. பழைய நிறம் வரப்பண்ணித் தாறன். ஒருத்தராலையும் பிடிக்கேலாது." நான்கு ஐந்து சதக் காசுகளைக் கொடுத்தேன். ஒரு வாரத்தின் பின் அவை நல்ல காப்பிக்கொட்டை நிறத்தோடு திரும்பி வந்தன. சீரான நிறம். ஹாஜியாரிடம் பாடம் கேட்டவனுக்கு அந்தச் சீர்மையே ஐயத்தைத் தந்திருக்க வேண்டும். தந்தது. ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தமிழ் அன்பர் ஒருவர் அவற்றை வாங்கினார். விலையைப் பேசிய பின்னர், "இவை துலக்கினவையோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். "இவை என் தகப்பனாரின் சேகரிப்பு. அவர் இருபது வருஷமாய் உறைக்குள்ளேயே வைத்திருந்தவர்" என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பத்திரிகைக்காரனுக்கு இந்த வித்தை தெரியும். எந்தச் சொல்லும் பொய்யில்லாத ஒரு வாக்கியத்தால் ஒரு பெரிய பொய்யைச் சொல்லலாம். பிறர் எழுதிய அப்படியான வாக்கியங்களை எத்தனையோ தடவை சிவப்புப் பேனாவால் வெட்டியவன் நான். அன்று நானே அதைச் சொன்னேன். அவர் நம்பினார். காசுகளை மட்டும் கொடுத்தேன். உறைகளைக் கொடுக்கவில்லை, கொடுக்க முடியாது அல்லவா?

அக்கா சுகமடைந்தாள். இன்றும் நலமாக இருக்கிறாள். ஆகவே செய்தது சரி என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம் அதிக நாள் நிலைக்கவில்லை. ஹாஜியாரின் மாடிப்படியில் அதன் பின்னர் நான் ஏறவில்லை. அவர் இறந்த செய்தியைப் பின்னாளில் கேள்விப்பட்டேன். அந்த நான்கு உறைகளும் வெறுமையாக என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பென்சில் எழுத்து இன்னும் மங்கவில்லை.

தோழிக்கு மூன்றாம் நாள் பதில் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். அவர் உடனே அழைத்தார். குரலில் அழுகை இருந்தது. "இங்கே ஒருவர் பழைய நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து தருவாராம். கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக யாரிடமும் சொல்லாத கதையை அப்போது அவருக்குச் சொன்னேன். பிறகு சொன்னேன்: கொடுக்க வேண்டாம். கடித உறைகள் வாங்குங்கள். அப்பா எந்தக் காசை எங்கே பெற்றார் என்று உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். அதன் கீழே, துலக்கப்பட்டது என்றும் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். விற்பதானால் அந்த உறையோடு விற்றுவிடுங்கள். விலை குறையும், ஆனால் வாங்குகிறவர் எதை வாங்குகிறார் என்பதை அறிந்து வாங்குவார்.

இரண்டு வாரத்தின் பின் ஒரு படம் அனுப்பினார். உறைகள். நடுங்கும் கையெழுத்து. விற்கப்போவதில்லையாம்.

பத்திரிகைகளில் திருத்தம் என்று ஒரு சிறிய பெட்டிச் செய்தி வரும். பெரும்பாலும் உள்பக்கத்தின் மூலையில், எவர் கண்ணிலும் படாத இடத்தில் வரும். என் பங்குக்கு இதோ ஒன்று. 2001 ஆம் ஆண்டில், கொழும்பில், 1870 ஆம் ஆண்டின் ஐந்து சதச் செப்புக் காசுகள் நான்கினை என்னிடம் வாங்கிச் சென்ற இலண்டன் அன்பர் இதை வாசிக்க நேர்ந்தால் அறிந்துகொள்ளட்டும்: அவை 1980 தை மாதம் என் கையால் துலக்கப்பட்டவை. 2001 இல் செயற்கையாக நிறமேற்றப்பட்டவை. இரண்டும் எனக்குத் தெரிந்தே அவற்றை விற்றேன். பணத்தைத் திருப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன். காசுகளைத் தாங்களே வைத்திருக்க விரும்பினால், அவற்றுக்குரிய உறைகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.